கஞ்சியில் நின்ற காற்று

1

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் கப்பல் செய்கிறேன். காகிதக் கூழிலும் துணியிலும். ஒன்றரை அடி நீளம், ஏறக்குறைய அதே உயரம், வரவேற்பறைக் கண்ணாடி அலமாரிக்குள் அடங்குகிற அளவு. தூத்துக்குடியில் பரிசுப்பொருள் விற்கிற கடைக்காரர் ஒருவர் மாதத்துக்கு இரண்டு மூன்று எடுத்துக்கொள்கிறார். எழுதுகிற நண்பர்களிடம் இதைச் சொன்னால் ஒரு சிறு மௌனம் உண்டாகிறது. ஒருவர் மட்டும் வாய்விட்டுக் கேட்டார்: "அலங்காரச் சாமானா?"

நம் வட்டத்தில் அலங்காரம் ஒரு வசைச்சொல். அலங்காரத்தை உதறியதால்தான் நம் கவிதை கவிதையாயிற்று என்று நாற்பது வருஷங்களாகச் சொல்லிவருகிறோம். நானும் சொல்லியிருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். ஆகவே நண்பரின் கேள்வி என்னைச் சுட்டது நியாயம்தான். இந்தக் கட்டுரை அவருக்குப் பதில் அல்ல. அந்தக் கேள்வியோடு ஒன்றரை வருஷம் கப்பல் செய்தபோது எனக்கு நேர்ந்தவற்றைச் சொல்கிறேன், அவ்வளவே.

செய்முறையில் ரகசியம் ஒன்றுமில்லை. பழைய காகிதத்தைக் கிழிக்க வேண்டும். கத்தரிக்கக் கூடாது. கத்தரித்த விளிம்பு சுத்தமாக இருக்கும், ஆனால் அடுத்த துண்டோடு ஒட்டிப் போகாது. கிழித்த விளிம்பில் நார் பிரிந்து நிற்கும். அந்த நார்தான் பக்கத்து நாரைப் பிடிக்கிறது. மைதாப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அரிக்காது. மரக்கட்டையில் செதுக்கிய அச்சின்மேல் ஒரு சுற்று நீளவாட்டில், ஒரு சுற்று குறுக்குவாட்டில் என்று எட்டு, பத்து சுற்று ஒட்டி நிழலில் காயவிட வேண்டும். வெயிலில் வைத்தால் கோணும். மேல்பூச்சுக்குக் கூழ். என் அம்மா காகிதத்தோடு வெந்தயம் ஊறவைத்து அரைத்து முறத்துக்குப் பூசுவாள். அதே கூழ்தான். கப்பலின் உடம்பு என் அம்மாவின் முறத்துக்கு உறவு.

காகிதம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேல்சுற்றுகள் தினசரித் தாள். அடிச்சுற்று, அதாவது கப்பலின் உட்பக்கம், 1980களின் தொடக்கத்தில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து நடத்தி ஆறு இதழோடு நின்றுபோன ஒரு சிறுபத்திரிகையின் விற்காத பிரதிகள். பரணில் இரண்டு சாக்கு இருந்தது. தாள் பழுப்பேறியிருந்தாலும் கனமானது. நண்பர்களில் ஒருவருக்கு இது இன்றுவரை வருத்தம்.

பாய்க்குப் பழைய வேட்டி. கெட்டியான கஞ்சியில் முக்கி, கவிழ்த்த மண்சட்டியின் வயிற்றின்மேல் விரித்துக் காயவைத்தால், காற்று நிறைந்து புடைத்த பாய் கிடைக்கும். மரத்தில் கட்டியதும் கப்பல் ஓடுவது போலிருக்கும். வாங்குகிறவர்கள் விரும்புவது இதைத்தான். அறைக்குள் இல்லாத ஒரு காற்று, கஞ்சியில் நின்றுபோன காற்று.

2

ஓடாத கப்பலை மனிதன் எப்போதும் செய்துவந்திருக்கிறான். 1922இல் திறக்கப்பட்ட துட்டன்காமனின் கல்லறையில் 35 படகு மாதிரிகள் இருந்தன. செத்த அரசன் போகவேண்டிய இடத்துக்குப் போவதற்காக வைத்தவை. நெப்போலியன் காலத்துப் போர்களில் பிடிபட்டு இங்கிலாந்துச் சிறைகளில் கிடந்த பிரெஞ்சுக் கைதிகள், தங்களுக்குச் சாப்பாட்டில் வந்த இறைச்சியின் எலும்பைச் சேர்த்துவைத்துக் கப்பல் செய்தார்கள். பாய்மரமும் கயிறும் பீரங்கித் துளைகளும் எண்ணிக்கை பிசகாமல் இருக்கும். சந்தை நாளில் அவற்றை விற்றார்கள். ஏறிப் போகமுடியாதவன் செய்த கப்பல் அது. இவற்றை யாரும் அலங்காரச் சாமான் என்று ஒதுக்குவதில்லை. என்னுடையதை ஒதுக்கத் தோன்றுகிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது என்ன?

ஆடால்ஃப் லூஸ் என்ற கட்டிடக் கலைஞரின், 1913இல் பிரெஞ்சில் வெளிவந்த கட்டுரை ஒன்று அலங்காரத்தைக் குற்றத்தோடு சேர்த்துப் பேசியது. உழைப்பும் பொருளும் வீணாகின்றன என்பது அவர் வாதம். நம்முடைய அலங்கார வெறுப்பு நேராகவோ சுற்றிவளைத்தோ அங்கிருந்து வந்ததுதான். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1939இல் இதற்கு நேர் எதிரான இடத்திலிருந்து எழுதினார். அலம் என்றால் போதும், நிறைவு. அலங்காரம் என்பது ஒன்றை அதன் காரியத்துக்குப் போதுமானதாக ஆக்குவது. மேலே ஒட்டிக்கொண்ட மிகையாக அந்தச் சொல் தேய்ந்தது பிற்பாடுதான். வீரனுக்கு வாள் அலங்காரம். வாளில்லாதவன் வீரனாகப் போதவில்லை என்பதால். நம் சொல்லான அணியிலும் இந்த இரண்டும் இருக்கின்றன. நகையும் அணி, படை வரிசையும் அணி. எங்கள் ஊரில் தோணியின் முன்பக்கத்துக்கு அணியம் என்று பேர். சொல்லாராய்ச்சி செய்ய எனக்குத் தகுதியில்லை. ஆனால் நகையும் படையும் கடலைப் பிளக்கிற மூக்கும் காதுக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதைக் கவனிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

குமாரசுவாமியைப் படித்த தைரியத்தில் நான் நண்பருக்குப் பதில் தயார் செய்துவைத்திருந்தேன். அந்தப் பதிலை ஒரு கொடி கெடுத்தது.

3

எங்கள் தெருவில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். எண்பது தாண்டியவர். வாலிபத்தில் பாய்த்தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போனவர். அந்தத் தோணிகள் பாயை மட்டும் நம்பி ஓடியவை. இன்ஜின் வந்து, அவர் தொழில் மாறி, எல்லாம் முடிந்துபோன கதை. மாலையில் வந்து என் திண்ணையில் உட்காருவார். நான் செய்கிற கப்பலை அவர் ஒருநாளும் கப்பல் என்று சொன்னதில்லை. 'சாமான்' என்பார்.

ஒருநாள் முடித்துவைத்த ஒன்றை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, இதுல காத்து ரெண்டு பக்கமா அடிக்குதே?"

எனக்குப் புரியவில்லை. அவர் விரலால் காட்டினார். பாய்கள் முன்பக்கமாகப் புடைத்திருந்தன. பாய்மர உச்சியில் நான் வைத்த சிவப்புக் கொடி பின்பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது.

யோசித்துப் பார்த்தால் வெட்கமாக இருந்தது. காற்று பின்னாலிருந்து தள்ளித்தான் கப்பல் போகிறது. அப்படிப் போகும்போது அது தன்னைத் தள்ளுகிற காற்றை முந்திவிட முடியாது. ஆகவே தளத்தில் நிற்பவனுக்கும் காற்று முதுகில்தான் அடிக்கும். கொடி முன்னால் பறக்க வேண்டும். நான் பின்னால் பறக்கவிட்டது எதனால்? நான் பார்த்த கொடியெல்லாம் மந்திரியின் காரில் பார்த்தது. மோட்டார் யுகத்துக் கண். கண்ணில் இருந்ததைக் கை செய்துவிட்டது, இடையில் புத்தி வரவேயில்லை. அதற்குப் பிறகு கடைகளில் பார்க்கிற அலங்காரக் கப்பல்களையெல்லாம் கவனிக்கிறேன். பெரும்பாலானவற்றில் கொடி பின்னால்தான் பறக்கிறது.

பிளேட்டோ தன் குடியரசு நூலின் பத்தாம் புத்தகத்தில் போலிசெய்பவர்களைப் பற்றிப் பேசுகிற இடம் நமக்குத் தெரிந்ததுதான். கட்டிலின் கருத்து ஒன்று, தச்சன் செய்த கட்டில் ஒன்று, ஓவியன் வரைந்த கட்டில் மூன்றாவது. உண்மைக்கு மூன்று படி கீழே. இதை மேற்கோள் காட்டாதவர் நம்மில் இல்லை. அதே இடத்தில் கொஞ்சம் தள்ளி இன்னொன்று சொல்கிறார், அதை நாம் அவ்வளவாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு பொருளைப் பற்றிய அறிவு அதைப் பயன்படுத்துகிறவனிடம் இருக்கிறது. குழல் ஊதுகிறவன் குழல் செய்கிறவனுக்குச் சொல்கிறான், இவன் கேட்டுக்கொள்கிறான். போலிசெய்பவனோ இருவரிடமும் போவதில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பார்க்கிற கூட்டத்துக்கு எது அழகாகப் படும் என்பதுதான்.

நான் செய்தது அந்த மூன்றாவது வேலை. குற்றம் கப்பல் ஓடாததில் இல்லை. அதற்குள் இரண்டு காற்று அடித்ததில் இருந்தது. ஓடாத கப்பலிலும் ஒரே காற்றுதான் அடிக்க முடியும். விமரிசனத்தில் உருவ ஒருமை என்று நாம் பெரிய வார்த்தையாகச் சொல்வதை அண்ணாச்சி இப்படிச் சொன்னார்.

கொடியைத் திருப்பினேன். பிறகு செய்ததிலெல்லாம் கொடி முன்னால் பறந்தது. கடைக்காரர் ஒருமுறை, "கொடி மாறியிருக்கே, சார்" என்றார். விளக்கினேன். "ஜனங்களுக்கு இது தப்பாத் தெரியும்" என்றார். சரியானது தப்பாகத் தெரியட்டும் என்று கொஞ்சம் கர்வத்தோடுதான் வீடு திரும்பினேன்.

4

கர்வம் கொஞ்ச நாள் இருந்தது. காற்று ஒன்றான பிறகு கப்பல் முழுமையாகிவிட்டதாக நினைத்தேன். ஆனால் அச்சிலிருந்து உரித்தெடுத்த காகித ஓட்டை ஒவ்வொரு முறையும் கையில் பிடிக்கும்போது அதன் காலி தெரிந்தது. பத்து சுற்றுக் காகிதம், உள்ளே ஒன்றுமில்லை. இந்தச் சாமான் நிஜத்தில் இருந்தபோது உள்ளே என்ன ஏற்றினார்கள்?

கடையில் விற்பது எப்போதும் ஒரே வகை. மூன்று பாய்மரம், உயர்ந்த பின்கட்டு, பாயில் சிவப்புச் சிலுவை. போர்ச்சுக்கீசியக் கப்பல் மாதிரி. எங்கள் கரையை அவர்கள் வைத்திருந்தார்கள். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அந்த நூற்றாண்டில் டச்சுக் கம்பெனி சோழமண்டலக் கரையில் பஞ்சம் வந்தபோதெல்லாம் ஆட்களை அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் படேவியாவுக்கும் ஏற்றியிருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சனங்கள். தோணி கேட்டு ஒருவரும் கடைக்கு வருவதில்லை. தங்கள் முன்னோரை ஏற்றிப்போன கப்பலை வாங்கி அலமாரியில் வைக்கிறார்கள். நான் அதற்குக் கஞ்சி போட்டுக் கொடுக்கிறேன்.

இன்னொரு கப்பல் மாதிரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லிவர்பூலைச் சேர்ந்த புரூக்ஸ் என்ற அடிமைக் கப்பல். அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர்கள் 1788லும் 1789லும் அதன் தள வரைபடத்தை அச்சிட்டுப் பரப்பினார்கள். மனிதர்கள் உள்ளே எப்படி அடுக்கப்படுவார்கள் என்பதைக் காட்டும் படம். 1788இன் சட்டப்படி அதில் 454 பேரை ஏற்றலாம். அதற்கு முன் ஒரு பயணத்தில் அறுநூறு பேருக்கு மேல் ஏற்றியிருந்தது. அதே கப்பலை மரத்தில் மாதிரியாகவும் செய்து வில்பர்ஃபோர்ஸிடம் கொடுத்தார்கள், நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் காட்டுவதற்கு. இன்று அது ஹல் நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது.

அதுவும் ஓடாத கப்பல்தான். அதற்கும் என்னுடையதற்கும் வித்தியாசம், அது உள்ளே பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது, என்னுடையது வெளியே பார்ப்பதற்காக. இங்கே, உருவம் உருவம் என்று கத்துகிறீர்களே உள்ளே என்ன வைத்தீர்கள் என்று நம்மை நெடுங்காலமாகக் கேட்டுவரும் எதிர்க்கட்சி நண்பர்களின் கேள்வி எனக்கு முதல்முறையாக உறைத்தது. காற்று ஒன்றாயிருப்பது மட்டும் போதாது. ஒரே காற்றில் சுத்தமாக ஓடுகிற அடிமைக் கப்பல் சாத்தியம், இருந்திருக்கிறது.

ஆகவே செய்து பார்த்தேன். ஒரு கப்பலின் விலாவில் ஜன்னல் மாதிரி வெட்டி, உள்ளே காகிதத்தில் மனித உருவங்களைச் செய்து வரிசையாகப் படுக்கவைத்தேன். அறுபது உருவம். மூன்று வாரம் ஆயிற்று. பார்த்த நண்பர்கள் பேச்சற்றுப் போனார்கள். முன்பு அலங்காரச் சாமானா என்று கேட்ட அதே நண்பர், "இதுதான் கலை" என்றார்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்த உருவங்களைச் செய்யும்போது நான் அவர்களைப் பற்றி நினைக்கவேயில்லை என்பது எனக்குத் தெரியும். வரிசை நேராக வருகிறதா, தலைகள் ஒரே அளவில் இருக்கின்றனவா என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது தலையும் ஒரே அச்சு. கோலத்துப் புள்ளி மாதிரி அடுக்கியிருந்தேன். துயரத்தையும் அலங்காரமாக்கிவிட்டேன், லூஸ் சொன்ன கெட்ட அர்த்தத்தில். புரூக்ஸ் வரைபடத்தில்கூட இந்த ஆபத்து இருக்கிறது. அதிலும் உருவங்களுக்கு முகமில்லை, எல்லாம் ஒன்றுபோல். ஆனால் அது ஒரு காரியத்தின் கையில் இருந்தது. 1807இல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைச் சட்டத்தால் நிறுத்தியதன் பின்னால் இருந்த பலவற்றில் அதுவும் ஒன்று. காரியம் முடிந்ததும் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. என்னுடையது எந்தக் காரியத்தின் கையிலும் இல்லை. நண்பர்களின் பாராட்டை வாங்கித் தருவது மட்டும் அதன் காரியம். கொடியைப் பின்னால் பறக்கவிட்டபோது நான் கடைக்காரரின் கூட்டத்துக்காகச் செய்தேன். இப்போது நம் கூட்டத்துக்காக. கூட்டம்தான் மாறியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கொடி தப்பு என்று சொல்ல அண்ணாச்சி இருந்தார். இந்த உருவங்கள் தப்பு என்று சொல்ல ஒருவரும் இல்லை. சொல்லக்கூடியவர்கள் படேவியாவில் செத்துப் போனார்கள். அந்த மௌனத்தை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கப்பலைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கூழாக்கினேன். இதைத் தியாகமாகச் சொல்லவில்லை. காகிதக் கூழில் இருக்கும் சௌகரியம் அது, திரும்ப உபயோகிக்கலாம்.

5

மழைக்காலத்தில் அண்ணாச்சி ஒரு தோணி செய்து தரச் சொன்னார். அவராகக் கேட்டது அதுதான் முதல் தடவை. 1964 டிசம்பரில், தனுஷ்கோடி அழிந்த அந்தப் புயலில், அவருடைய மூத்தவர் போன தோணி திரும்பவில்லை. அது இத்தனை வருஷப் பழக்கத்தில் எனக்குத் தெரியாது.

"பாயை எறக்கி வச்சுச் செய்ங்க தம்பி" என்றார். "அண்ணன் அன்னைக்குப் பாய் ஏத்தியிருக்க மாட்டான்."

ஆறு வாரம் ஆயிற்று. தினமும் வந்து பார்த்தார். அணியம் இன்னும் தூக்கியிருக்க வேண்டும் என்றார். பாய்மரம் இவ்வளவு நேராக நிற்காது என்று கையை முன்னால் சாய்த்துக் காட்டினார். சுக்கானை இரண்டு முறை மாற்றினேன். குழல் ஊதுகிறவன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொள்கிற வேலை. அவருடைய அண்ணன் எப்படி இருப்பார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தோணியில் ஆள் உருவம் ஒன்றும் வைக்கவில்லை. வைக்கச் சொல்லி அவர் கேட்கவுமில்லை.

இறக்கிய பாய்க்குக் கஞ்சி தேவைப்படவில்லை. வேட்டித் துண்டை அப்படியே மடித்துத் தளத்தில் கிடத்தினோம். அதன் ஒரு மூலை வெளியே தொங்கியது. மின்விசிறி ஓடும்போது அந்த மூலை அசைந்தது. நான் செய்த கப்பல்களில் நிஜக் காற்று பட்டு அசைந்த துணி அது ஒன்றுதான். இதற்கு அர்த்தம் கற்பிக்கும் ஆசை வருகிறது. விட்டுவிடுகிறேன்.

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். ஒரு செய்பொருள் ஓடுகிறதா ஓடாதா, அலங்காரமா உபயோகமா, உருவமா உள்ளடக்கமா என்று நாம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகள் எல்லாம் பொருளையே பார்த்துக் கேட்டவை. பொருளிடம் அதற்குப் பதில் இல்லை. 'இது தப்பு' என்று சொல்லும் அதிகாரம் உள்ள ஒருவர், அழகு தெரிந்ததனால் அல்ல, அந்தக் கடலில் போனதனால் அந்த அதிகாரம் பெற்ற ஒருவர், எதிரே இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. இருந்தால் காகித ஓடும் போதும். இல்லாதபோது, அதாவது செத்தவர்களைப் பற்றி எழுதும்போது, அவர்கள் திண்ணையில் வந்து உட்காரப்போவதாக நினைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். அது கஷ்டம். நான் ஒருமுறை தோற்றவன்.

நம் கவிதைகளை நாமே எழுதி நாமே படிக்கிறோம். இருநூறு பிரதி, அதில் நூறு பரணுக்கு. சிறு வட்டமாக இருப்பது பற்றி எனக்குப் புகார் இல்லை. ஆனால் அந்த வட்டத்துக்குள் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று சொல்லக்கூடியவர் யார்? எல்லோருடைய கண்ணும் அதே காரில் கொடி பார்த்த கண் அல்லவா?

தோணியை எடுத்துப்போக அண்ணாச்சி வந்தபோது இருநூறு ரூபாய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். மறுத்திருந்தால் அது என் பெருந்தன்மையை அலங்கரித்திருக்கும். தளத்தில் ஒரு சின்ன மூடி வைத்துத் தரமுடியுமா என்று கேட்டார். வைத்துக் கொடுத்தேன். ரேஷன் அட்டை, கண்ணாடி, மாத்திரைப் பட்டைகள் எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது.

மூடியைத் திறந்து உட்சுவரை விரலால் தடவினார். பழுப்புத் தாளில் எழுத்துகள் தெரிந்தன. எங்கள் மூன்றாம் இதழ். ஏதோ ஒரு கவிதையின் பாதி.

"என்ன பேப்பர் தம்பி இது?"

"நாங்க போட்ட பத்திரிகை, அண்ணாச்சி."

விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"நல்லா கெட்டியாத்தான் இருக்கு" என்றார்.